பழைய பவுலிங் பாலுக்கு இன்னிக்கு பையில என்ன வேலை

டென்பின் பவுலிங், அதாவது நீளமான லேன்ல கனமான பாலை உருட்டி பத்து பின்னைச் சாய்க்கற ஆட்டம், அதுல லீக் ஆடுற யார் வீட்டுக்குப் போனாலும் கராஜ் மூலையிலயோ அலமாரி அடியிலயோ பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாங்குன பால் ஒண்ணு கண்டிப்பா கிடக்கும். ஒரு காலத்துல அவங்களோட நல்ல ஸ்கோர் எல்லாம் அதுல வந்ததாத்தான் இருக்கும், அதனால தூக்கிப் போடவும் மனசு வராது, எடுத்து ஆடவும் தைரியம் வராது. ஸ்டார்ம், மோட்டிவ், பிரன்ஸ்விக்னு ஒவ்வொரு கம்பெனியும் வருஷம் முழுக்க புதுசு புதுசா இறக்கிக்கிட்டே இருக்கும்போது இந்தப் பழைய பாலுக்கு பையில இடம் இருக்கா இல்லையான்னு கேட்டா, இருக்குன்னுதான் நான் சொல்வேன். ஆனா வாங்கும்போது அது செஞ்ச வேலையை இப்ப அதுகிட்ட எதிர்பார்க்கக் கூடாது. பாலோட வெளி கவருக்கு வயசாகும், உள்ள இருக்கற எடைக் கட்டிக்கு, அதாவது கோருக்கு, வயசாகாது, இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா மத்தது எல்லாம் தானா வந்துரும்.

முதல்ல கவர். பால் எவ்வளவு திரும்பும்ங்கறதுல பெரும்பங்கு கவரும் அதோட மேற்பரப்பும்தான், கோர் அதுக்கு அடுத்துதான். ரப்பர் பால் காலம் முடிஞ்சு பாலியெஸ்டர் வந்துச்சு, நாம பிளாஸ்டிக் பால்னு சொல்றது அதைத்தான், இன்னிக்கும் ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் தடவை மிஞ்சின பின்னை ரெண்டாவது தடவை சாய்க்க, எல்லாரும் வச்சிருக்கறது அதே ரகம். அது லேன்ல பூசியிருக்கற ஆயிலை உறிஞ்சாது, லேன் மேல கிட்டத்தட்ட நேரா போகும். அந்த பிளாஸ்டிக்கையே திருப்ப வைக்க முடியுமான்னு 1973-ல டான் மெக்யூன்ங்கற ஆட்டக்காரர் பாலை ஒரு கெமிக்கல் கரைசல்ல ஊறப்போட்டு கவரை மென்மையாக்கி ஆடினாரு, அந்த ஒரே வருஷத்துல பிபிஏங்கற தொழில்முறை பவுலிங் டூர்ல ஆறு டைட்டில் ஜெயிச்சு வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் வாங்கிட்டாரு. கவர் மென்மையா இருந்தா லேனைப் புடிக்கும்னு எல்லாருக்கும் புரிஞ்சது அப்பதான், கவர் எவ்வளவு கெட்டியா இருக்கணும்னு விதி வந்ததுக்கும் அதுதான் காரணம்.

1980களோட தொடக்கத்துல ஏஎம்எஃப் கம்பெனியோட ஆங்கிள் பால் மூலமா யுரேத்தேன் கவர் வந்துச்சு. 1990களோட தொடக்கத்துல ரியாக்டிவ் ரெசின் வந்துச்சு, ஆட்டமே மாறினது அதுக்கப்புறம்தான். ரியாக்டிவ்னா அடிப்படையில யுரேத்தேன்தான், ஆனா அதுல கலக்குற பிளாஸ்டிசைசர் யுரேத்தேனோட ஒட்டாம தனியா நின்னுரும், அது நின்ன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகளா ஆகிடும். அந்த ஓட்டைங்க லேன்ல இருக்கற ஆயிலை உறிஞ்சிக்கும், பால் ஆயில்ல வழுக்கிட்டுப் போய் காய்ஞ்ச பகுதி வந்ததும் படக்குன்னு புடிச்சுத் திரும்பும். முதல் பின்னுக்கும் அதோட பக்கத்துப் பின்னுக்கும் நடுவுல இருக்கற பாக்கெட்டுக்குள்ள பால் நுழையற கோணம் 6 டிகிரி பக்கம் வந்தா ஸ்ட்ரைக், அதாவது ஒரே தடவைல பத்து பின்னும் விழற வாய்ப்பு, ரொம்ப நல்லா இருக்கும்னு அமெரிக்க பவுலிங் அமைப்பான யூஎஸ்பிசியோட சோதனைகள் சொல்லுது, நேரா போடுற பிளாஸ்டிக் பால்ல அந்தக் கோணத்தைக் கனவுல கூட பார்க்க முடியாது.

இதே ஓட்டைங்கதான் ரியாக்டிவ் பாலோட ஆயுளையும் குறைக்குது. ஒவ்வொரு கேமும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும், லேன்ல இருக்கற அழுக்கும் ரப்பர் தூசும் கூடவே போய் அடைச்சுக்கும். இன்னொரு பக்கம், பால் சுத்துற டிராக் பகுதி லேன்ல தேய்ஞ்சு தேய்ஞ்சு ஃபேக்டரியில கொடுத்த சொரசொரப்பு போய் வழுவழுன்னு பளபளப்பா ஆயிடும். இந்த ரெண்டும் சேர்ந்தா பால் கடைசி 20 அடியில முன்ன மாதிரி திரும்பாது, பாக்கெட்ல சரியா பட்டாலும் வலது கை ஆளுக்கு மூலையில 10-ம் நம்பர் பின் மட்டும் சொணங்கி நிக்கும். பால் செத்துப்போச்சுன்னு சொல்றோமே, பெரும்பாலும் இதுதான். சாவுங்கறது அதுக்கு ரொம்பப் பெரிய வார்த்தைன்னு எனக்குத் தோணும், பாதிக்கு மேல திரும்பக் கொண்டு வர முடியும்.

எப்படின்னா, வாளியில சுடுதண்ணி புடிச்சு, 60 டிகிரி செல்சியஸ் தாண்டாம, அதுல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு, விரல் ஓட்டைகளை டேப் ஒட்டி மூடிட்டு பாலை இறக்குங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி மேல வானவில் கலர்ல ஒரு படலம் மிதக்க ஆரம்பிக்கும், வெளிய எடுத்தா பால் மேல வியர்வை மாதிரி பொடிப்பொடியா ஆயில் முத்து நிக்கும், குறிப்பா டிராக் வளையத்தைச் சுத்தி. மைக்ரோஃபைபர் துணியால துடைச்சிட்டு தண்ணியை மாத்தி திரும்ப இறக்கணும், முத்து வர்றது நிக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் பால் விக்கற, ஓட்டை போடுற ப்ரோ ஷாப்ல கொடுத்து, பாலைச் சுத்தவிடற ஸ்பின்னர்ல வச்சு 500 கிரிட் சேண்டிங் பேட்ல ஆரம்பிச்சு நம்பரைக் கூட்டிக்கூட்டி பேட் போட்டு மேற்பரப்பைப் புதுசாக்கணும். வெறும் சுடுதண்ணி போதும்னு நினைக்கறவங்க உண்டு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஆயிலை எடுத்தாலும் தேய்ஞ்ச பளபளப்பு அப்படியேதான் இருக்கும், சேண்டிங் பண்ணாம பால் லேனைப் புடிக்காது. வெந்நீரை விட சூடா ஏதாவது பண்ணுறேன்னு ஓவன்லயோ ஹீட்டர் முன்னாடியோ வைக்கறது வேண்டவே வேண்டாம், கவர் வெடிச்சிரும்.

இவ்வளவு பண்ணினாலும் அது புதுப் பாலா ஆயிடாது. பிளாஸ்டிசைசர் வருஷக்கணக்கா கசிஞ்சு வெளிய வந்துட்டே இருக்கும், போனது போனதுதான், கொஞ்சம் ஆயில் ஆழமா உள்ள தங்கிடும். சுத்தம் பண்ணின பழைய பால் பழைய வேகத்துல திரும்பாது, ஒரு படி அமைதியா, சீரா வளையும். அந்த ஒரு படி குறைவுதான் அதுக்கு இன்னிக்கு வேலை வாங்கித் தருதுன்னு நான் நம்புறேன், அதுக்கு அப்புறம் வரேன்.

கோர் விஷயம் வேற. உள்ள இருக்கற எடைக் கட்டிக்கு ஆயிலும் படாது, தேய்மானமும் கிடையாது. ஆர்ஜின்னு ஒரு எண் சொல்லுவாங்க, எடை நடுவுல குவிஞ்சிருக்கா வெளிய பரவியிருக்கான்னு அது காட்டும், 2.46-ல இருந்து 2.80 வரை அனுமதி. கம்மியா இருந்தா பால் சீக்கிரம் உருள ஆரம்பிக்கும், அதிகமா இருந்தா ரொம்ப தூரம் வழுக்கிட்டுப் போகும். டிஃபரென்ஷியல்னு இன்னொரு எண், பால் உருளும்போது அச்சு எவ்வளவு நகரும்ங்கறதை அது சொல்லும், உச்ச அளவு 0.060. அச்சு நகர்ந்தா ஒவ்வொரு சுத்துலயும் ஆயில் படாத புது இடம் லேனைத் தொடும், பால் மேல வில்லு மாதிரி தெரியுற ஆயில் வளையங்க அதனாலதான் வருது, ஃப்ளேர்னு சொல்றது அதைத்தான். இந்த எண்கள் பால் வாங்கின அன்னிக்கு என்னவோ பதினஞ்சு வருஷம் கழிச்சும் கிட்டத்தட்ட அதேதான், ஓட்டை போட்டதுலயோ அடைச்சதுலயோ வர்ற சின்ன மாற்றம் தவிர.

கம்பெனிகளுக்கே இது நல்லா தெரியும். ஹாமர் கம்பெனியோட பிளாக் விடோ பால் 2000களோட நடுவுல வந்தப்ப அதுல இருந்த கேஸ் மாஸ்க் கோர், ஆர்ஜி 2.50, டிஃபரென்ஷியல் 0.058. 2019 கடைசியில ஹாமர், எபோனைட், கொலம்பியா 300, டிராக்னு நாலு பிராண்டையும் பிரன்ஸ்விக் வாங்கினதுக்கு அப்புறமும் அதே கேஸ் மாஸ்க் கோரை புது கவருக்குள்ள போட்டு பிளாக் விடோ வரிசையைத் தொடர்ந்துகிட்டேதான் இருக்காங்க. ஸ்டார்மோட ஹை-ரோட் வருஷக்கணக்கா கடையில நின்ன பால், 2.57 ஆர்ஜி, 0.046 டிஃபரென்ஷியல். 2017-ல வந்த ஃபேஸ் 2 இன்னிக்கும் எத்தனையோ பேரோட பையில முதல் பால். புது டிசைன் எல்லாம் விளம்பரம்தான்னு நான் சொல்ல வரல, கவர் கெமிஸ்ட்ரி நிஜமாவே முன்னேறியிருக்கு. ஆனா உங்ககிட்ட இருக்கற பழைய பாலோட கோர் நல்ல கோரா இருந்தா அது இன்னிக்கும் நல்ல கோர்தான்.

இப்ப லேன் பக்கம் வருவோம், ஏன்னா பால் மட்டும் பழசாகல, அது ஓடின தரையும் மாறிடுச்சு. ஆடுறவங்க தாண்டக் கூடாத ஃபவுல் லைன்ல இருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி, அது அன்னிக்கும் இன்னிக்கும் ஒண்ணுதான். முன்ன மர லேன், அதுல ஆயிலும் கம்மி, பால் சீக்கிரமே பிடிப்பு கண்டுக்கும். இப்ப பெரும்பாலும் சிந்தெடிக் லேன், சாதாரண ஹவுஸ் பேட்டர்னே, அதாவது சென்டர்ல வழக்கமா ஆயில் பூசுற விதமே, 40 அடி பக்கம் நீளம், ஆயில் அளவும் கூட, நடு போர்டுகள்ல, அதாவது லேனோட குறுகலான பலகைகள்ல, கெட்டியா, ஓரத்துல லேசா போட்டிருப்பாங்க. ரெண்டு கையால போடுற ஸ்டைல் பரவினதுக்கு அப்புறம் பால் சுத்துற வேகமும் ஏறிடுச்சு, அப்படி ஆடுற ஜேசன் பெல்மான்ட், யெஸ்பர் ஸ்வென்சன் மாதிரி பெரிய ஆட்டக்காரங்க போடுறதைப் பார்த்துட்டு வளர்ந்த பசங்க இப்ப ஒவ்வொரு சென்டர்லயும் இருக்காங்க. அதனால 1990களோட பழைய ரியாக்டிவ் பாலை எடுத்துட்டு வந்து புதுசா ஆயில் போட்ட லேன்ல முதல் கேம்ல போட்டா ஏமாற்றம்தான், ஆயில் இருக்கற வரைக்கும் சும்மா வழுக்கிட்டே போகும், திரும்ப ஆரம்பிக்கறதுக்குள்ள பின் வந்துரும்.

ஆனா அதே லேன் மூணாவது கேம்ல அதே லேனா இருக்காது. எல்லாரோட புதுப் பாலும் ஸ்பாஞ்ச் மாதிரி ஆயிலை உறிஞ்சிட்டுப் போயிருக்கும், எல்லாரும் குறி வைக்கற அந்த நாலஞ்சு போர்டு வறண்டு போயிருக்கும். முதல் கேம்ல பாக்கெட்ல அடிச்ச அதே புதுப் பால் இப்ப 30 அடியிலயே வெறி புடிச்ச மாதிரி திரும்பி முன்னாடி நிக்கற ஹெட் பின்னைத் தாண்டி இடது பக்கம் ஓடும், பின்னுங்க தள்ளித் தள்ளி மிஞ்சி ஸ்ப்ளிட் விழும். இந்த நேரத்துல பெரும்பாலானவங்க இடது பக்கம் நகர்ந்து நகர்ந்து பாலைத் திருப்பி அனுப்பற பால் ரிட்டர்ன் மெஷின் மேலயே ஏறுற அளவுக்குப் போயிடுவாங்க. நகர்றதுக்குப் பதிலா பாலை மாத்தணும், ஒரு படி கம்மியா திரும்புற பால் வேணும், அந்த இடத்துல பழைய பால் கச்சிதமா உட்காரும். நான் மேல சொன்ன அந்த அமைதியான வளைவு இங்கதான் சம்பாதிச்சுக் கொடுக்கும். குறிப்பா மேல் பூச்சு பாலிஷா இருக்கற பழைய பேர்ல் பால், அதாவது முத்து மாதிரி மினுக்கற கவர் இருக்கறது, வறண்ட முன் பகுதியைத் தொடாம தாண்டிப் போய் கடைசியில மெதுவா வளைஞ்சு பாக்கெட்டுக்கு வரும். இதுக்குன்னு கடையில போய் புதுசா ஒரு வீக் பால் வாங்கறவங்களைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், கராஜ்லயே ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு. டிஃபரென்ஷியல் கம்மியா இருக்கற பழைய பால், உதாரணமா ஸ்டார்ம் ஐக்யூ டூர், 0.029தான், இந்த மாதிரி சமயத்துக்கு ரொம்ப நம்பகமானது, எங்க திரும்பும்னு முன்னாடியே சொல்லிடலாம்.

யுரேத்தேன் பழைய பால் இருந்தா கதை இன்னும் சுவாரஸ்யமா போகும். ரியாக்டிவ் வந்ததும் யுரேத்தேனை எல்லாரும் மறந்துட்டாங்க, அப்புறம் 2010களோட நடுவுல ஸ்டார்மோட பிட்ச் பிளாக், ஹாமரோட பர்ப்பிள் ஹாமர் எல்லாம் வந்து சின்ன நீள பேட்டர்ன்கள்ல கலக்கவும் 1980களோட பழைய ஹாமர் பாலை எல்லாம் ஜனங்க தூசு தட்டி எடுத்தாங்க. ஆனா பழைய யுரேத்தேனும் புது யுரேத்தேனும் ஒண்ணு இல்ல. அந்தக் காலத்து பால்ல பான்கேக் கோர்தான், மேல் பக்கம் தட்டையா ஒரு எடைத் துண்டு, அவ்வளவுதான். அதுல ஃப்ளேர் கிட்டத்தட்ட கிடையாது, ஒவ்வொரு சுத்துலயும் அதே வளையம்தான் லேனைத் தொடும், யுரேத்தேன் ஆயிலை உள்ள இழுக்காததால அந்த ஆயிலை அப்படியே தோள்ல சுமந்துட்டுப் போய் காய்ஞ்ச பகுதியில தடவிட்டு வரும். கேரி டவுன்னு சொல்றது அதைத்தான். கொஞ்ச நேரத்துல உங்க பால் மட்டும் இல்ல, உங்க லேன் ஜோடியில ஆடுறவங்க பாலும் கடைசியில திரும்பாம போகும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி டவல்ல துடைக்கறது இங்க கட்டாயம், துடைக்காம ஆடுறவங்களோட லேன் பகிர்ந்துக்கறது பெரிய கொடுமை. ஆட்டம் நடக்கும்போது லிக்விட் க்ளீனர் போட 2019 ஆகஸ்டுல இருந்து அனுமதி இல்ல, வறண்ட டவல் மட்டும்தான்.

யுரேத்தேன் வாங்குறவங்க கவரோட கெட்டித்தன்மையையும் கவனிக்கணும். ட்யூரோமீட்டர்னு ஒரு கருவியால அளப்பாங்க, முன்ன குறைந்தபட்சம் 72, அப்புறம் அதை 73 ஆக்கினாங்க. 2022-ல ஸ்டார்மோட ஸ்பெக்டர் பால் இந்த அளவுல தவறினதா சொல்லி யூஎஸ்பிசி அனுமதியை ரத்து பண்ணிட்டாங்க. 2016, 2017-ல தயாரான பர்ப்பிள் ஹாமரையும் பெரிய போட்டிகள்ல இருந்து எடுத்துட்டாங்க. மெக்யூன் ஊறப்போட்டதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் சண்டை ஒரே விஷயத்துக்குத்தான், கவர் மென்மையானா லேனை அதிகம் புடிக்கும்.

இதனால செகண்ட் ஹேண்டுல பழைய பால் வாங்குறவங்க யூஎஸ்பிசி அனுமதிப் பட்டியலை ஒரு தடவை பார்த்துட்டுப் பணம் கொடுக்கணும். மோட்டிவ் ஜாக்கல், ஜாக்கல் கார்னேஜ் ரெண்டும் டிஃபரென்ஷியல் எல்லையைத் தாண்டினதால 2016-ல அனுமதி போச்சு. அருமையா திரும்புற பால்தான், ஆனா யூஎஸ்பிசி அங்கீகரிச்ச லீக்ல போட முடியாது, சும்மா ப்ராக்டிஸுக்குன்னா தாராளமா போடலாம். சீரியல் நம்பர் தெளிவா தெரியுதான்னும் பாருங்க, பல தடவை சேண்டிங் பண்ணின பால்ல அது மங்கிப் போயிருக்கும்.

பழைய பால் வச்சிருக்கறவங்க நிறைய பேர் தவற விடுறது பேலன்ஸ் ஹோல் விஷயம். விரல் போடுற மூணு ஓட்டை தவிர பக்கவாட்டுல இன்னொரு ஓட்டை இருக்கும், பாலோட அசைவைக் கூட்டவோ குறைக்கவோ அன்னிக்கு எல்லா ப்ரோ ஷாப்லயும் போடுவாங்க. 2020 ஆகஸ்ட் 1-ல இருந்து அது கூடாது, இருக்கற ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு ஷாட்லயும் விரல் போடுறதாவே இருக்கணும். அப்ப அந்த ஓட்டையை அடைச்சாகணும், அடைச்சா பால் முன்ன மாதிரி நடந்துக்காது, ஃப்ளேர் கொஞ்சம் மாறும். ரெண்டு கையால போடுறவங்க கட்டை விரல் போடாம ஆடுறதா இருந்தா பழைய பால்ல இருக்கற கட்டை விரல் ஓட்டையும் இதே கணக்குல வந்துரும், அதையும் அடைக்கணும்.

அடைக்கற பேச்சு வந்துட்டதால இதையும் சொல்லிடறேன். பழைய பாலோட ஓட்டைங்க பழைய கைக்குப் போட்டது. பதினஞ்சு வருஷத்துல விரல் தடிச்சிருக்கும், கட்டை விரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவுல இருக்கற தூரமான ஸ்பான் மாறியிருக்கும், போடுற ஸ்டைலே மாறி பால் சுத்துற அச்சுப் புள்ளி வேற இடத்துக்குப் போயிருக்கும். கட்டை விரலை இறுக்கிப் புடிச்சு ஆடுறவங்களுக்கு பால் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரிலீஸ் கெட்டுப் போகும், மணிக்கட்டும் வலிக்கும். எல்லா ஓட்டையையும் அடைச்சு கோரை வச்சு ஓட்டை எங்க வரணும்னு புதுசா லேஅவுட் போட்டு ட்ரில் பண்ணினா கோர் இன்னிக்கு உங்க கைக்கு வேலை செய்யும், செலவு புதுப் பால் விலையில ஒரு பங்குதான். ஆனா கிராக் இருக்கான்னு பார்க்காம அந்தச் செலவுல இறங்காதீங்க. ரெண்டு விரல் ஓட்டைக்கும் நடுவுல இருக்கற குறுகின பாலம்தான் முதல்ல விடும், நகத்தை வச்சு மெல்ல இழுத்துப் பாருங்க, தட்டுதுன்னா கோடு இறங்கியிருக்கு. வெயில்ல நிக்கற கார் டிக்கியிலயும், குளிர் காலத்துல ஹீட்டர் இல்லாத கராஜ்லயும் வருஷக்கணக்கா கிடந்த பால்ல இது சாதாரணம், சூட்டுல விரிஞ்சு குளிர்ல சுருங்கி கவர் தாங்காம போயிடும். பாலத்துல இருக்கற சின்ன கோடுன்னா அடைச்சு ட்ரில் பண்ணும்போது சரியாயிடும், கோடு ஓட்டையை விட்டு வெளிய நீளமா ஓடியிருந்தா இல்ல கோர் வரைக்கும் இறங்கியிருந்தா அந்தப் பாலை விட்டுருங்க.

பையில சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை, அதை மட்டும் தவிர்க்காதீங்க. சுத்தம் பண்ணி சேண்டிங் முடிச்சதும் நீங்க வழக்கமா முதல்ல எடுக்கற புது பென்ச்மார்க் பாலையும் இதையும் ஒரே லேன்ல, ஒரே இடத்துல நின்னு, ஒரே குறிக்கு மாத்தி மாத்திப் போடுங்க. பின் எத்தனை விழுந்துச்சுன்னு பார்க்காதீங்க, ரெண்டும் எந்த அடியில திரும்ப ஆரம்பிக்குது, பாக்கெட்ல எத்தனை போர்டு வித்தியாசத்துல போய் நிக்குதுன்னு மட்டும் பாருங்க. பின்னாடி நின்னு யாராவது போன்ல வீடியோ எடுத்தா இன்னும் நல்லது, கண்ணுக்கு ஒண்ணா தெரியறது வீடியோல வேறயா தெரியும். மூணு நாலு போர்டு கம்மியா திரும்புச்சுன்னா உங்களுக்கு ரெண்டாவது பால் கிடைச்சாச்சு, லேன் வறள ஆரம்பிச்சதும் எடுக்க வேண்டியது அதுதான். ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலன்னா பழசை கொஞ்சம் பாலிஷ் போட்டு இடைவெளியை உண்டாக்கிக்கலாம், இல்ல 500 கிரிட்டுல சொரசொரப்பா விட்டு ஆயில் கெட்டியா இருக்கற நாளைக்கு ஒதுக்கலாம். பத்து போர்டு கம்மின்னா அது ஏறக்குறைய ஸ்பேர் பால்தான், கவர்ல இன்னும் கொஞ்சம் ஆயில் புடிக்கற குணம் மிச்சம் இருந்தா மூலையில இருக்கற 10-ம் நம்பர் பின்னுக்கு நேரா போகாது, அதனால மூலை ஸ்பேருக்கு பிளாஸ்டிக்கையே வச்சுக்கோங்க.